மாத்திரை வீடு தேடி வருகிறது, நடக்கத்தான் இடமில்லை

எங்கள் நகர்மன்றத் தலைவருக்கும், ஆணையருக்கும், எல்லா வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவள் நான். உங்களில் பெரும்பாலோர் எனக்கு முகம் தெரிந்தவர்கள், சில பேருடைய வீட்டுக்கு மாதாமாதம் மாத்திரையும் இங்கிருந்துதான் போகிறது. மனுவாக எழுதி அலுவலகத்தில் கொடுத்தால் ரசீது கிடைக்கும், அதோடு சரி. ஊரே படிக்கட்டும், நான் விட்டதை மற்றவர்கள் சேர்த்துச் சொல்லட்டும் என்றுதான் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

சுகர், பிரஷர் என்று வருகிறவர்களின் சீட்டை நாள் முழுக்கப் பார்க்கிறேன். மேலே மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்ட்டன் என்று மாத்திரைப் பெயர்கள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே கடைசி வரியில், "தினமும் 30 நிமிடம் நடக்கவும், அரிசியைக் குறைக்கவும், காய்கறி அதிகம் சேர்க்கவும்" என்று இருக்கும். சில டாக்டர்கள் இதற்கென்றே ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறார்கள். மேலே இருக்கிற வரிகளுக்கெல்லாம் என்னிடம் சரக்கு இருக்கிறது. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் இந்த ஊரில் எங்கேயும் சரக்கு இல்லை, அதை இருப்பு வைக்க வேண்டிய இடம் நகராட்சிதான் என்று சொல்லத்தான் இந்த மடல்.

அந்த வரியை ஏதோ சம்பிரதாயத்துக்கு எழுதுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் செய்து 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை நோய் இன்னும் வராமல், வருவதற்கான எல்லைக்கோட்டில் நின்றிருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும், ஒரு பிரிவுக்கு நடையும் உணவு மாற்றமும், ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின், கடைசிப் பிரிவுக்கு இரண்டும் சேர்த்து. அறிவுரை மட்டும் கேட்டவர்களோடு ஒப்பிட்டால், நடையையும் உணவையும் கவனித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறத்தாழ 26 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் அதே 28-தான், மாத்திரையைக் கூடச் சேர்த்ததால் தனியாக எந்த லாபமும் தெரியவில்லை. மாத்திரை விற்றுச் சாப்பிடுகிறவள் சொல்கிறேன், எல்லைக்கோட்டில் இருக்கிறவருக்கு நடை என்பது மாத்திரைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், 13 கோடிக்கு மேல் எல்லைக்கோட்டில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14 சதவீதம் பேருக்கு மேல் சர்க்கரை. இதை நம் வார்டுகளுக்குப் பிரித்துப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு தெருவிலும் எத்தனை வீடு வரும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாத்திரை விஷயத்தில் அரசு செய்தது பெரிய காரியம், அதை மனதாரச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று நம் ஊர்ச் சந்துகளுக்குள்ளேயும் வருகிறது. முன்பெல்லாம் காசு இல்லையென்று பத்து நாள் மாத்திரை வாங்கி அதை இருபது நாள் ஓட்டியவர்கள் இருந்தார்கள். இப்போது தன்னார்வலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, இரண்டு மாத மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். என் கடையில் அந்த வியாபாரம் குறைந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மாத்திரையை வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த நமக்கு, அதே அளவு வேலை செய்கிற இன்னொரு மருந்துக்கு ஒரு தெரு தள்ளிக்கூட இடம் காட்ட முடியவில்லை.

"உடம்பைப் பார்த்துக்கொள்வது அவரவர் பொறுப்பு, மனசு இருந்தால் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஆண்கள் நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு பைபாஸ் ரோடு இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு ட்ராக் பேண்ட் போட்டுக்கொண்டு பைபாஸில் போய், திரும்பும்போது டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு வர அவர்களால் முடியும். கடைக்கு வரும் பெண்களிடம் கேட்டால்தான் கதை வேறு என்று தெரியும்.

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மூன்று மாத சராசரி சர்க்கரை 9-ஐத் தாண்டிவிட்டது என்று ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார். "நடக்கிறீங்களாக்கா?" என்றேன். "எங்கம்மா நடக்கிறது? நாலரை மணிக்குத் தண்ணி வரும், பிடிக்கணும். அப்புறம் சமையல். ஒம்போதரைக்குக் கடையில நிக்கணும். ராத்திரி ஒம்போதுக்கு விட்டா, எங்க தெருவுல ரெண்டு லைட்டுதான் எரியுது. செயினை அறுத்துட்டுப் போறான்னு இவரு வெளிய விடமாட்டேங்குறாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாள் பூரா கடையில நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன், அது போதாதா?" என்று கேட்டார்.

போதாது. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் கால் வீங்கும், நரம்பு சுருட்டும், சுகர் இறங்குவதற்கு அது பெரிதாக உதவாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடம்பு இயங்க வேண்டும், 300 வரை போனால் இன்னும் நல்லது, அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது. மிதமான வேகம் என்றால் பேச்சு வரவேண்டும், பாட்டுப் பாட மூச்சு பத்தக்கூடாது. அந்த வேகத்தில் நடக்கும்போது தொடையிலும் கெண்டைக்காலிலும் இருக்கிற தசை, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தானாகவே இழுத்து எரிக்கிறது, அதற்கு இன்சுலினைக்கூட அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்கிறது? சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே ஏறுகிற சர்க்கரை மட்டுப்படும். ஆனால் ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு அந்த அக்கா எங்கே போய் நடப்பார்?

2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்த உலகளாவிய கணக்கில், இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதுமான உடல் உழைப்பு இல்லை என்றார்கள். பெண்களைத் தனியாக எடுத்தால் 57 சதவீதம், ஆண்களில் 42. சோம்பேறித்தனம்தான் காரணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இந்த வித்தியாசம் எப்படி வரும்? வீட்டில் யார் அதிகம் ஓடியாடுகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா!

சரி, இருக்கிற இடங்களைப் பற்றிப் பேசுவோம்.

நம் ஊரில் நகராட்சிப் பூங்கா இருக்கிறது. எட்டு வடிவ நடைபாதை, கூழாங்கல் பதித்த பாதை, கைகால் அசைக்கும் இரும்புக் கருவிகள் எல்லாம் போட்டு ரிப்பன் வெட்டித் திறந்தீர்கள். திறந்த புதிதில் கூட்டம் அலைமோதியது. இப்போது காலை எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள், மாலை நாலு மணிக்குத் திறந்து ஏழுக்குப் பூட்டுகிறார்கள். காலை எட்டு மணி வரை பெண்கள் அடுப்படியில் இருக்கிறார்கள், மாலை ஏழு மணி வரை வேலையில் இருக்கிறார்கள். இந்த நேரத்தை முடிவு செய்தபோது ஒரு பெண்ணிடமாவது கேட்டீர்களா?

அந்தப் பூங்காவில் கழிப்பறையும் இருக்கிறது, அதில் எப்போதும் பூட்டு தொங்குகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் என்பதால். சர்க்கரை அதிகமாக இருந்தால் அடிக்கடி சிறுநீர் வரும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு மூன்று பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு வேகமாக நடந்தாலோ தும்மினாலோ அடக்க முடியாமல் போகும். அதனால் நடக்கக் கிளம்புவதற்கு முன்னாலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பத்து நிமிடம் நடந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படியும் அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து என் கடைக்கு வந்து நிற்கிறார்கள், அதுவும் மற்ற ஆட்கள் போகிற வரைக்கும் ஓரமாக நின்றுவிட்டுக் கடைசியில்தான் சொல்கிறார்கள். ஒரு பூட்டைத் திறந்து வைத்து, தண்ணீர் விட்டு, இரண்டு வேளை கழுவ ஆள் போட்டால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு ஆன்டிபயாடிக் விற்றுக்கொண்டிருக்கிறேன். இந்த மடலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால், அந்தக் கழிப்பறையைத் திறந்துவிடுங்கள்.

பூங்கா இல்லையென்றால் பெண்களுக்கு மிச்சம் இருப்பது கோயில் பிரகாரம். வெளிச்சம் இருக்கும், நாய் வராது, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், சாமி கும்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்து கிளம்பலாம். பத்து சுற்று, பதினைந்து சுற்று என்று நடக்கிறார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அங்கே செருப்பில்லாமல் நடக்க வேண்டும். பல வருடம் சுகர் இருந்து பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கல் சுடுவது தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. போன கோடையில் ஒரு அம்மா கட்டுப்போடப் பஞ்சும் களிம்பும் வேண்டும் என்று வந்தார். காட்டுங்கள் என்றேன். குதிகாலிலிருந்து நடுப்பாதம் வரைக்கும் கொப்புளம், ஒரு பக்கம் உடைந்து தோல் மடங்கிக் கிடந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பிரகாரம் சுற்றியிருக்கிறார், வீட்டுக்கு வந்து தரையில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான் காலையே பார்த்திருக்கிறார். களிம்பு கொடுக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். டாக்டர் பேச்சைக் கேட்டு ஒழுங்காக நடந்த ஒரு மனுஷிக்கு நேர்ந்தது இது. செருப்போடு நடக்க ஒரு பொது இடம் இருந்திருந்தால் அவர் ஏன் அங்கே போகப்போகிறார்?

இடமே இல்லாத ஊரா இது? குளத்தின் நாலு கரையையும் நினைத்துப் பாருங்கள். டெல்டாவில் பிறந்த யாருக்கும் குளத்தங்கரை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பழைய நில அளவில் சொல்வார்கள், நம் குளம் அவ்வளவு பெரிதில்லை, ஆனாலும் ஒரு சுற்று வந்தால் மூச்சு வாங்கும். வடகரையில் லோடு வண்டிகள் நிற்கின்றன. கீழ்க்கரையில் குப்பை கொட்டிக் கொளுத்துகிறார்கள், அந்தப் புகையில் ஆஸ்துமாக்காரர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. தென்கரையில் இருட்டியதும் உட்கார்ந்து குடிக்கிறார்கள், காலையில் பார்த்தால் உடைந்த பாட்டில் கிடக்கிறது. மேல்கரை மட்டும்தான் கால் வைக்கிற மாதிரி இருக்கிறது. வண்டிகளுக்கு வேறு இடம் காட்டி, குப்பைத் தொட்டியை நகர்த்தி, நாலு கரைக்கும் விளக்குப் போட்டு, மூலைக்கு ஒரு சிமெண்டுப் பெஞ்சும் போட்டால் போதும். கிரானைட் வேண்டாம், நீரூற்று வேண்டாம், செல்ஃபி எடுக்கும் எழுத்துப் பலகையும் வேண்டாம். மண் பாதையே முழங்காலுக்கு நல்லது, மேடுபள்ளம் இல்லாமல் இறுக்கிக் கொடுத்தால் சரி.

மாவட்டத் தலைநகரில் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒன்று குறித்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் எல்லா மாவட்டத்திலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கியது அது. நல்ல திட்டம். ஆனால் நடப்பதற்காகப் பேருந்து ஏறிப் போக முடியுமா? வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் எட்டுகிற இடமாக இருந்தால்தான் தினமும் போவார்கள், இல்லையென்றால் தொடங்கி வைக்கிற நாளன்று போட்டோவுக்கு நிற்பதோடு முடிந்துவிடும்.

நகராட்சிப் பள்ளி மைதானமும் இருக்கிறது. பள்ளி விட்டதும் கேட் பூட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை பெண்களுக்கு என்று திறந்துவிட்டு, ஒரு காவலாளியைப் போட்டு, இரண்டு விளக்கைப் போடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை என்று சொன்னேனே, அதற்கு ஜிம்மெல்லாம் தேவையில்லை. பெஞ்சில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, படி ஏறி இறங்குவது, இவ்வளவுதான். நாலு பேர் சேர்ந்தால் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்துவிடுவார்கள். அறுபது வயதுக்கு மேல் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவர்களுக்கு டயப்பரும் படுக்கைப்புண் மருந்தும் கொடுக்கிறவள் நான், தொடையில் வலு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சாயங்கால நேரத்தை நான் வற்புறுத்துவதற்கு மருந்துக்கடைக்காரியாக இன்னொரு காரணமும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் நடப்பதுதான் நடை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். ஆளில்லாத பைபாஸில் இருட்டில் இப்படி ஆனால் யார் பார்ப்பார்கள்? இடுப்பில் ஒரு குளுக்கோஸ் பொட்டலமோ நாலு மிட்டாயோ முடிந்துகொண்டு போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் சாயங்காலம் நடக்க வழி இருந்தால் இந்தப் பயமே பாதி குறையும்.

நாய்த் தொல்லையை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023-ல் வந்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. செய்யுங்கள்.

அப்புறம் சாப்பாடு. சீட்டில் பாதி வரி அதுதானே.

அரிசியைத் திட்டுகிறவள் இல்லை நான். நெல் விளைகிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு சோறு விஷம் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். சிக்கல் எங்கே என்றால், காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, நடுவில் டீயும் பன்னும் என்று நாள் முழுக்க மாவுச்சத்தாகவே போகிறது. நம் நாட்டுச் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அதே கணக்கெடுப்பில் பிறகு தெரியவந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், தானியத்திலிருந்து வரும் சக்தி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தட்டில் பாதி காய்கறியும் கீரையும் பழமுமாக இருக்க வேண்டும், மீதியில்தான் சோறும் பருப்பும் முட்டையோ மீனோ வர வேண்டும் என்கிறார்கள்.

தட்டில் பாதி காய் என்று சொல்லிவிடலாம், வாங்குவது யார் காசில்? ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. காய் அப்படியா? இல்லாத வீட்டில் வயிறு நிறைய எது மலிவோ அதைத்தான் சாப்பிடுவார்கள். கீரை ஒன்றுதான் இன்னும் ஏழைக்கு எட்டுகிற விலையில் இருக்கிறது. அந்தக் கீரை விற்கிற பெண்களை நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

சாயங்காலம் பேருந்து நிலையத்து வாசலில் சாக்கு விரித்து முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, பிஞ்சுக் கத்தரிக்காய், வாழைப்பூ வைத்து விற்கிறார்கள், பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். வேலை முடிந்து பஸ் ஏறப்போகிற பெண்கள் அங்கேதான் வாங்குவார்கள். ஆக்கிரமிப்பு அகற்றுகிறோம் என்று வண்டி வரும்போதெல்லாம் முதலில் அள்ளி எறியப்படுவது அந்தக் கீரைக்கட்டுதான், என் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் பேக்கரி பெஞ்சு பாதி ரோட்டில் கிடக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை. அன்று ராத்திரி கீரை வாங்க வந்த பெண்கள் வீட்டுக்கு என்ன வாங்கிப் போனார்கள்? பரோட்டாவும் பப்ஸும்.

உழவர் சந்தை இருக்கிறதே என்பீர்கள். 1999-ல் மதுரையில் முதல் சந்தை திறந்த நாளிலிருந்து அது எத்தனையோ குடும்பங்களுக்கு நல்ல காயை நியாய விலைக்குக் கொடுத்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. நம் ஊரில் காலை ஒன்பதுக்கெல்லாம் காய் தீர்ந்துவிடுகிறது. கடையிலும் வயலிலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் சாயங்காலச் சந்தைதான் வேண்டும். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு கூடி, எங்கே விற்கலாம் என்று இடம் ஒதுக்க வேண்டும். கீரைக்காரப் பெண்களுக்குப் பேருந்து நிலையத்துக்கு உள்ளேயே, கட்டணக் கழிப்பறைக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் அந்தத் தகரக் கொட்டகையைக் கொடுங்கள். ஒரு விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய். ரோடும் அடையாது, கீரையும் வாடாது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். பூங்காவைக் கூடுதல் நேரம் திறப்பதற்கும், கழிப்பறைப் பூட்டை எடுப்பதற்கும், கீரைக்காரர்களைத் துரத்தாமல் இருப்பதற்கும் புதிதாகப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். குளத்தங்கரைக்கு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நகர்ப்புறத்துக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, ஊர்க்காரர்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். வணிகர் சங்கத்தில் நான் பேசுகிறேன். என் பங்கு முதலில் வரும். ஜவுளிக்கடை, நகைக்கடை, அரிசி மண்டி முதலாளிகள் பாதிப் பேருக்கு சுகர் இருக்கிறது, அவர்களும் போடுவார்கள்.

2022 பிப்ரவரியில் ஓட்டுக் கேட்டு என் கடைப் படியேறி வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெண்களுக்கு ஐம்பது சதவீத இட ஒதுக்கீடு வந்த பிறகு நடந்த தேர்தல், ஜெயித்து உள்ளே போனவர்களும் பாதிக்குப் பாதி பெண்கள். பெண் உறுப்பினர்களே, உங்களிடம் தனியாகக் கேட்கிறேன். பூங்காக் கழிப்பறையில் ஏன் பூட்டு என்று மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்பதற்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் யார் இருக்கிறார்கள்? உங்கள் வீட்டுக்காரர் உங்களுக்குப் பதிலாகக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் இந்தக் கேள்வி அவர் வாயில் வராது. நீங்கள் வாருங்கள், நீங்கள் கேளுங்கள். உங்களுக்கும் ஐம்பது வயது ஆகும், உங்களுக்கும் டாக்டர் அதே ஸ்டாம்பை அடித்துத்தான் கொடுப்பார்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம் வையுங்கள். போன முறை எங்கள் வார்டில் எப்போது நடந்தது, எப்போது முடிந்தது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. இந்த முறை ஒரு வாரத்துக்கு முன்னால் தேதியும் இடமும் ஆட்டோவில் சொல்லுங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வையுங்கள். ஜவுளிக்கடை அக்கா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கால் வெந்த அம்மாவின் மகள் வருகிறாள், மாத்திரை கொடுக்க வீடுவீடாகப் போகும் தன்னார்வலர்களையும் கூப்பிட்டிருக்கிறேன், எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு சுகர் என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். பூங்கா காலை ஐந்திலிருந்து பத்து வரை, மாலை நாலிலிருந்து ஒன்பது வரை, கழிப்பறையோடு. பள்ளி மைதானம் ராத்திரி ஒன்பது வரை. குளத்தங்கரைக்கு விளக்கும் பாதையும். கீரைக்காரர்களுக்குக் கொட்டகை. தீர்மானத்தை நாங்களே எழுதிக்கொண்டு வருகிறோம், நிறைவேற்றிப் பதிவேட்டில் ஏற்றி நகல் கொடுங்கள்.

பூங்காச் சாவிக்கு அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. காவலாளியிடம் நாளைக்கே சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவள்